சூரியன் சரிந்ததும் காற்று எங்கே போகிறது: வில் வேட்டையில் வெறுங்கையோடு இறங்கிய ஒரு மாலை

வில்லை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது காற்றை. போனில் ஏதாவது ஒரு வானிலைச் செயலி இருக்கும். தென்கிழக்குக் காற்று, மணிக்கு 5 மைல் என்று அதில் போட்டிருந்தால் நம் வாசனை வடமேற்கே போகும், மான் கிழக்கிலிருந்து வந்தால் கவலையில்லை என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு மரம் ஏறிவிடுவோம். நான் சொல்லப்போகும் அக்டோபர் மாலையிலும் செயலி அதைத்தான் காட்டியது. அது பொய் சொல்லவில்லை. அது சொன்ன காற்று மரங்களுக்கு மேலே, திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த சரிவில் வேறு ஒரு காற்று வேலை செய்துகொண்டிருந்தது.

தமிழில் இதைப் படிக்கிறவர்களுக்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் எழுதுவது அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தைப் பற்றி. இங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்ட வாகன விபத்துகள் மான் குறுக்கே வந்ததால் நடந்ததாகப் பதிவாகின்றன. உரிமம் எடுக்க வேண்டும், 1960 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். வில்லுக்கான பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கி நவம்பர் 14 வரை போகும். 15-ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் இறங்குவார்கள். அப்புறம் டிசம்பரில் வில்லுக்கு மறுபடி ஒரு மாதம். கிடைத்த இறைச்சியை விற்க முடியாது. வீட்டில் சமைக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நான் போகும் இடம் ஒரு பண்ணை. பண்ணைக்காரர் அனுமதி கொடுத்திருக்கிறார். மேற்கே, மேட்டில், சோயா வயல். அங்கிருந்து நிலம் கிழக்கு நோக்கி ஓக் மரங்களுக்கு நடுவே சரிந்து ஒரு ஓடையில் போய் முடிகிறது. ஓடையை ஒட்டி, வடக்குப் பக்கம், புதர் மண்டிய சதுப்பு. மான்கள் பகலில் அந்தப் புதருக்குள் படுத்திருக்கும். பொழுது சாயும்போது எழுந்து, ஓடையைத் தாண்டி, சரிவில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டே மேலே வயலுக்கு ஏறும். சரிவின் மேல்பகுதியில், வயலுக்குச் சற்றுக் கீழே, ஒரு ஏணிப் பரண் நிற்கிறது. பண்ணைக்காரரின் மகன் வைத்தது. அதில் உட்கார்ந்தால் சரிவு முழுக்கத் தெரியும், ஓடை வரைக்கும்.

முழுக்கத் தெரிகிறது என்பதுதான் அந்தப் பரணின் கோளாறு. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அது துப்பாக்கிக்காக வைத்த பரண். 100 கஜத்தில் மான் நின்றால் துப்பாக்கிக்காரருக்குப் போதும். மானுக்கு வாசனை எட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும். என் வில்லுக்கு மான் 30 கஜத்துக்குள் வர வேண்டும், நிதானமாக வர வேண்டும், பக்கவாட்டில் நிற்க வேண்டும், நான் நாணை இழுக்கும்போது அது வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிறைய மான் கண்ணில் படும் இடமும் வில்லுக்கு ஏற்ற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பண்ணைக்காரரிடம் பிறகு பேசியபோது, "எங்க அப்பா காலத்திலிருந்தே அந்த மரத்தில் நவம்பரில்தான் உட்காருவோம்" என்றார், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி.

அன்றைக்கு மூன்றரை மணிக்கெல்லாம் ஏறிவிட்டேன். தரையிலேயே ஹார்னஸை, அதாவது விழாமல் தாங்கும் உடல்பட்டையை, மாட்டி, மரத்தில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றில் கொக்கியை இணைத்துக்கொண்டுதான் ஏணியில் கால் வைத்தேன். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். பரண் வேட்டையில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் விழுந்துதான் அடிபடுகிறார்கள், அதுவும் ஏறும்போதும் இறங்கும்போதும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஹார்னஸ் இல்லாமல் 15 அடி உயரத்தில் உட்காரும் ஆட்களோடு நான் வேட்டைக்குப் போவதில்லை.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா நிறைய மில்க்வீட் பஞ்சு இருக்கும். எருக்கஞ்செடிக்கு உறவுக்காரச் செடி அது. காய் வெடித்தால் அதே மாதிரி வெள்ளைப் பட்டிழைகளோடு விதை பறக்கும். காற்று பார்க்கப் பொடி தூவும் புட்டிகள் கடையில் கிடைக்கின்றன. பொடி ஓரிரு கஜத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பஞ்சோ 50, 60 கஜம் வரைக்கும் மிதப்பது தெரியும். எங்கே திரும்புகிறது, எங்கே மேலே தூக்குகிறது, எந்த மரத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வேட்டைக்காக நான் வைத்திருப்பவற்றில் செலவே இல்லாத பொருள் அது. செப்டம்பர் கடைசியில் சாலையோரத்தில் காய் பறித்து வைத்துக்கொண்டால் பருவம் முழுக்க வரும்.

நாலேகால் மணிக்கு ஒரு இழையை விட்டேன். வடமேற்கே, வயல் பக்கமாக, சீராகப் போனது. செயலி சொன்னபடியே. ஐந்து மணி சுமாருக்கு எனக்குப் பின்னால் இருந்த மேடு சூரியனை மறைத்தது. வானத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது, எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்களின் உச்சியில் வெயில்கூட அடித்தது. ஆனால் நான் இருந்த சரிவு நிழலுக்குப் போய்விட்டது. ஐந்தரைக்கு விட்ட இழை எங்கும் போகவில்லை, என் முகத்துக்கு முன்னாலேயே தயங்கித் தயங்கிச் சுற்றியது. அதன்பின் விட்டது மெதுவாக என் காலணிகளைத் தாண்டிக் கீழே இறங்கி, மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், நேராக ஓடையைப் பார்த்துப் போனது. மான்கள் வரவேண்டிய திசை.

காரணம் சிக்கலானதல்ல. பகலில் வெயில் பட்ட நிலம் சூடாகி அதை ஒட்டிய காற்று லேசாகும், சரிவில் மேல்நோக்கி ஏறும். நிழல் விழுந்ததும் நிலம் குளிரும், ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கத் தொடங்கும். மேகமில்லாத, காற்று அடங்கிய மாலைகளில் இது மிகத் தெளிவாக நடக்கும். மேகமூட்டமாக இருந்தாலோ, காற்று பலமாக வீசினாலோ அடங்கிப்போகும். எனக்கு வில் பழக்கிய பெரியவர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: "சாயங்காலம் இந்தச் சரிவில் ஒரு வாளித் தண்ணியைக் கொட்டினா எங்கே ஓடுமோ, அங்கேதான் உன் வாசனையும் ஓடும்." கேட்டுத் தலையாட்டியிருந்தேன். நான் கவனிக்காமல் விட்டது திசையை அல்ல, நேரத்தை. சூரிய அஸ்தமனம் அன்றைக்கு ஆறரை மணி. அதன்பின்தான் இந்த இறக்கம் என்று நினைத்திருந்தேன். கிழக்கு பார்த்த சரிவுக்கு அஸ்தமனம் என்பது மேடு சூரியனை மறைக்கும் நேரம், அது வானிலைச் செயலியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு மணிக்கும் முன்னதாகவே வந்துவிடுகிறது. மேற்கு பார்த்த சரிவாக இருந்திருந்தால் கடைசி வெயில் வரைக்கும் காற்று ஏறிக்கொண்டோ, குறைந்தபட்சம் நின்றுகொண்டோ இருந்திருக்கும். அதே மாலை, அதே காற்று, மேட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு வேறு கதை.

பஞ்சு கீழே போவதைப் பார்த்ததும் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். இறங்கினால் ஓக் சருகுகளில் நடக்கிற சத்தம், ஏணிச் சத்தம், எழுந்திருக்கத் தொடங்கியிருக்கும் மான்களின் கண் எல்லாம் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் வாசனை ஒரு குறுகிய பட்டையாகத்தான் இறங்கும், அதற்கு வடக்கே தள்ளி மான் ஏறினால் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது. உட்கார்ந்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. பொழுது அடங்கும் அரை மணி நேரத்தில் பரணை விட்டு இறங்குவது அந்த மாலையை மட்டும் கெடுக்காது, அந்த இடத்தையே பல நாளைக்குக் கெடுத்துவிடும்.

ஆறேகாலுக்கு மேல் இரண்டு குட்டிகள் முதலில் வந்தன. குட்டி என்றாலும் வசந்தத்தில் பிறந்தவை, நன்றாக வளர்ந்திருந்தன. பின்னால் தாய். ஓடையிலிருந்து சற்று வடக்கே தள்ளி, நான் ஆசைப்பட்ட வழியிலேயே ஏறி வந்தது. வெள்ளை ஓக் மரம் ஒன்றின் கீழே மூன்றும் நின்று கொட்டை தின்றன. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு. அது உதிர்கிற காலத்தில் மான்கள் சிவப்பு ஓக்கைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மரம் எனக்கு 40 கஜம். தாய் அங்கிருந்து நகர்ந்து, 26 கஜத்தில் ஒரு பெரிய தண்டுக்குப் பின்னால் தலை மறைந்தபோது நாணை இழுத்தேன்.

அது இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் பக்கவாட்டில் வந்திருக்கும். ஓரடி வைத்தது, நின்றது. மூக்கு மேலே போயிற்று. வாசனைப் பட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. உடம்பு என்னைப் பார்த்துச் சாய்வாக, முன்தோள் எனக்கு நேராக. முன்காலால் தரையைத் தட்டியது. நான் நாணை இழுத்தபடியே இருந்தேன். என்னுடையது 60 பவுண்டு காம்பவுண்டு வில், முனைகளில் கப்பிச் சக்கரம் வைத்தது, முழுக்க இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். அது முதல் அரை நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் தாண்டினால் அந்த 12 பவுண்டும் கூடிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். மூன்று மணி நேரம் அசையாமல் குளிரில் உட்கார்ந்த தோள் வேறு.

அம்பு விடவில்லை. இரண்டு காரணம். ஒன்று, நின்ற நிலை. நம்மை நோக்கிச் சாய்வாக நிற்கும் மானிடம் நெஞ்சுக்கூட்டுக்குப் போகும் வழியைத் தோள் எலும்பு மறைத்து நிற்கும். அதற்குப் பின்னால் அடித்தால் ஒரு நுரையீரலை மட்டும் கிழித்துவிட்டுக் குடலுக்குள் அம்பு போகும். அந்த மான் உடனே சாகாது, கிடைக்கவும் கிடைக்காது. பக்கவாட்டிலோ, நமக்கு விலகிப் போகிற சாய்விலோ நின்றால்தான் இரண்டு நுரையீரலும் அம்பின் பாதையில் வரும். இரண்டாவது காரணம் அதன் பதற்றம். என் அம்பு நொடிக்கு 270 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 கஜம் என்பது 78 அடி, அம்பு போய்ச்சேர 0.29 நொடி. நாண் அதிரும் சத்தம் 0.07 நொடியில் போய்விடும். நடுவில் இருக்கிற 0.2 நொடியில், ஏற்கெனவே விறைத்து நிற்கும் மான் ஓடுவதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு மேலே போகும், அல்லது முதுகுச் சதையில் படும். நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும் மானும் தாழும், ஆனால் தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்தி நிற்கிற மான் அளவுக்கு அல்ல. வேகமான வில் வாங்கி இதைச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: எந்த வில்லும் சத்தத்தை முந்துவதில்லை.

நாணைத் தளர்த்தி இறக்க வேண்டியதாயிற்று. இதைப் பெரும்பாலோர் பழகுவதில்லை என்பது என் ஆதங்கம். மைதானத்தில் நூறு அம்பு விடுவார்கள், இழுத்ததை விடாமல் திரும்ப இறக்கிப் பார்ப்பதே இல்லை. காம்பவுண்டு வில்லில் அந்த 12 பவுண்டு திடீரென்று முழு எடைக்கு மாறும் இடத்தில் வில் நம் கையை முன்னால் பிடுங்கும். பழகாதவருக்கு அதுவே பெரிய அசைவு. நாணைப் பிடித்து விடும் கைக்கருவியான ரிலீஸின் விசையிலிருந்து விரலை எடுத்து அதன் பின்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அம்பு பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க வேண்டும், முழங்கையை மடக்காமல் உடம்போடு சேர்த்து இறக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில், கனமான மேலாடையோடு, ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு இறக்கிப் பழகுங்கள். நான் பழகியிருந்தும் தோள் நடுங்கியது.

மான் சீறியது. மூக்கால் பலமாகக் காற்றை வெளியே தள்ளும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அமைதியான காட்டில் தூக்கிவாரிப் போடும். வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிக்கொண்டு மூன்றும் ஓடின. ஓடிப்போய்ச் சும்மா இருக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தாய் திரும்பத் திரும்பச் சீறியது. அந்தப் பள்ளத்தில் படுத்திருந்த எல்லா மானுக்கும் அறிவிப்பு. வயதான பெட்டை மானைப் போல வேட்டைக்காரனைக் காட்டிக்கொடுக்கும் பிராணி இந்தக் காட்டில் இல்லை. கொம்புக்கு அலைகிறவர்கள் எப்போதும் பெரிய ஆண் மானின் புத்திசாலித்தனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மான் புத்தியை எங்கோ வைத்துவிட்டு அலையும். குட்டியோடு வரும் தாய் வருடம் முழுக்க விழிப்பாகத்தான் இருக்கும்.

சட்டப்படி அஸ்தமனத்துக்குப் பின் அரை மணி நேரம் வரை வேட்டையாடலாம். அன்றைக்கு அது ஏழு மணி. சட்டம் அனுமதிக்கும் நேரமும் கண்ணுக்குத் தெரியும் நேரமும் வேறு. திறந்த வயலில் கடைசி நிமிடம் வரை தெரியும். இலை உதிராத ஓக் காட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே, நாணில் உள்ள சின்னத் துளை வழியாகப் பார்த்தால் வெறும் கறுப்பு. வில்லில் குறி பார்க்கும் பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரியும், அது மானின் மேல் எங்கே நிற்கிறது என்று தெரியாது. புள்ளி தெரிவதை வைத்து ஏமாறக் கூடாது. முன்காலின் பின்விளிம்பு தனியாகத் தெரியவில்லை என்றால் எனக்கு அன்றைய வேட்டை முடிந்தது. துளையைச் சற்றுப் பெரியதாக மாற்றினால் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், குறியின் துல்லியம் கொஞ்சம் குறையும். 30 கஜத்துக்குள் அடிக்கிறவருக்கு அது நல்ல பேரம்.

ஏழு மணிக்குப் பிறகும் இறங்காமல் நன்றாக இருட்டும்வரை காத்திருந்தேன், மேலே வயலில் வேறு மான்கள் நின்றிருந்தால் அவை பார்த்துவிடக் கூடாது என்று. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி கேட்டாள், "என்னங்க, இன்னிக்கும் காத்து வாங்கிட்டு வந்தீங்களா?" அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள், ஆனால் அன்றைக்கு நடந்ததை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கெட்ட மாலைக்கு அடுத்த நாளே திரும்பிப் போய் உட்காருவது நம் ஆத்திரத்துக்கு மருந்தாக இருக்கலாம், வேட்டைக்கு உதவாது. ஒரு நாள் நண்பகலில், வில் இல்லாமல், ரப்பர் காலணியோடு ஓடை ஓரமாகத் தெற்கிலிருந்து நடந்து போனேன். மேலே பரணிலிருந்து பார்த்தபோது தெரியாத ஒன்று கீழே தெரிந்தது. சரிவு முழுக்க மான் தடங்கள் விசிறி மாதிரி விரிந்து கிடக்கின்றன. ஆனால் அவை எல்லாம் கிளம்புவது ஓடையில் ஒரே இடத்திலிருந்து. இரண்டு பக்கமும் கரை செங்குத்தாக இருக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் கரை இடிந்து சாய்ந்திருக்கிறது. சேற்றில் குளம்புத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்திலேயே தாழ்ந்த கிளையை ஆண் மான் கடித்து முறித்து, கீழே தரையைக் காலால் சுரண்டி வைத்திருந்தது. மேலே உட்கார்ந்தால் அவை எந்த வழியில் வருமோ என்று குலுக்கல் போட வேண்டும். கீழே எல்லாம் ஒரே வாசல் வழியாக வருகின்றன.

வாசனைக்கு என்ன செய்வது? ஓடை வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மாலையில் சரிவிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று ஓடைப் பள்ளத்தில் சேர்ந்து, தண்ணீர் போகும் பக்கமே, தெற்கே நகரும். மான்கள் படுப்பது வடக்கே. ஆகவே கடக்கும் இடத்துக்குத் தெற்கே, ஓடைக் கரையிலேயே இருக்கும் மரத்தில் உட்கார்ந்தால் என் வாசனை ஓடையில் இறங்கித் தெற்கே போய்விட வேண்டும். காகிதத்தில் சரியாக இருக்கிறது. காகிதத்தை நம்பித்தானே முந்தைய மாலை போனது. அதனால் அதற்கடுத்த மாலைகளில் வில்லை வீட்டில் வைத்துவிட்டு, அந்த மரத்தடிக்கு மட்டும் போய் ஐந்து மணியிலிருந்து பஞ்சு விட்டுப் பார்த்தேன். மேகமூட்டமான ஒரு நாளில் காற்று ஒரு பக்கமும் போகாமல் மரத்தையே சுற்றியது. தெளிவான, அடங்கிய நாட்களில் ஐந்தே முக்காலிலிருந்து இருட்டும்வரை இழை தெற்கேதான் போயிற்று. வடக்கிலிருந்து லேசாகக் காற்று வீசும் நாள் இதற்கு இன்னும் நல்லது, இறங்கும் காற்றும் வீசும் காற்றும் ஒரே பக்கம் தள்ளும். தென்காற்று அடித்தால் அந்த மரத்தின் பக்கமே போகக் கூடாது.

பழைய ஏணிப் பரணைக் காலையில் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஆகாது. கிழக்குச் சரிவில் காலை வெயில் முதலில் விழும், காற்று சீக்கிரமே மேலே ஏறத் தொடங்கும். மான்களோ அந்த நேரத்தில் மேலே வயலிலிருந்து கீழே இறங்கும். மாலையில் கீழே இருப்பவற்றுக்கு வாசனை போகிறது, காலையில் மேலே இருப்பவற்றுக்கு. வில்லுக்கு அந்தப் பரணில் உட்கார வேண்டுமென்றால், மணிக்கு 10 மைலுக்குக் குறையாமல் தென்கிழக்குக் காற்று சீராக வீசும் மாலை வேண்டும். அவ்வளவு காற்றில் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் பெரிதாக எடுபடாது. அத்தகைய நாள் இங்கே அக்டோபரில் அபூர்வம், பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும்.

வாசனை போக்கும் தெளிப்பான்கள், கரி பூசிய உடைகள் பற்றிக் கேட்பீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். துணியை வாசனையில்லாத சோப்பில் துவைப்பதும், அதைச் சமையலறைப் பக்கம் வைக்காமல் மூடிய பெட்டியில் வைப்பதும் நல்ல பழக்கம். பளிச்சென்று வெளுக்க வைக்கும் சலவைத் தூளைத் தவிர்ப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. மான் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் மங்கலாகத்தான் தெரியும், நீலமும் புறஊதாவும் நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தத் தூளில் உள்ள ஒளிர்பொருள் துணியை நீலமாக மின்ன வைக்கும். ஆனால் மூச்சு விடுகிற மனிதனின் வாசனையை எந்தப் புட்டியும் மறைத்து நான் பார்த்ததில்லை. காற்று தவறான பக்கம் போனால் புட்டி உதவாது, சரியான பக்கம் போனால் புட்டியே தேவையில்லை.

கீழே பரண் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடைக் கரையில் 15 அடி ஏறினாலும், சரிவில் ஏறத் தொடங்கிய மான் கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கு வந்துவிடும். பின்னால் மறைப்பு இல்லாமல் வானம் தெரிந்தால் நாணை இழுக்கும்போதே பார்த்துவிடும். அதனால் தனியாக நிற்கும் நேரான மரத்தை விட்டுவிட்டு, இரண்டாகப் பிரிந்த, கொடி படர்ந்த மரமாகப் பார்த்தேன். ஏணிக்குப் பதிலாக மரத்தில் கட்டும் படிக்குச்சிகளும் சின்னத் தொங்கு பரணும். போகும் வழி ஓடை வழியேதான், தெற்கிலிருந்து தண்ணீரிலேயே நடந்து. சத்தமும் குறைவு, மண்ணில் வாசனையும் விழாது. திரும்புவதும் அப்படியே. இருட்டில் மேலே வயலைக் கடக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

நவம்பர் முதல் வாரத்தில் அங்கே உட்கார ஆரம்பித்தேன். ஒரு மாலை இரண்டு பெட்டைகளும் ஒரு குட்டியும் ஓடையைக் கடந்து, 20 கஜத்தில் சேற்றில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, என்னைத் தாண்டி ஏறிப் போயின. தலை தூக்கவில்லை, தரையைத் தட்டவில்லை. கிளைகள் குறுக்கே இருந்ததால் அம்பு விட வழியில்லை, சட்டென்று அறுக்கவும் முடியாது. பண்ணைக்காரரிடம் கேட்டபோது கட்டைவிரல் பருமன் வரைக்கும் கிளை வெட்டிக்கொள், அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஏணிப் பரணை மட்டும் நகர்த்தாதே, 15-ஆம் தேதி பேரன் அதில் உட்காருவான், முதல் தடவை வருகிறான் என்றார்.

கை ரம்பம் வாங்கி வைத்திருக்கிறேன். டிசம்பருக்குள் இரண்டு கிளை போதும், ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதும், அதற்குக் கீழே உள்ள கவைக் கிளையும்.